தந்தைக்கு வந்த நோய் தனக்கும் வருமோ என்ற அச்சமும் மனவிழிப்புச் சிகிச்சையும்

15 வயது மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். அவளுடைய தந்தைக்கு இருமுனைக் கோளாறு, அதாவது மனம் சில காலம் கட்டுக்கடங்காத எழுச்சியிலும் சில காலம் கடும் சோர்விலும் மாறி மாறி ஆழும் நோய், இருக்கிறது. அவளுக்கு ஏழு வயதானபோது, அவர் தொடர்ந்து சில இரவுகள் தூங்காமல் வீட்டுக்குள் நடந்துகொண்டும் ஓயாமல் பேசிக்கொண்டும் இருந்ததையும், பிறகு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதையும் அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். இப்போது, தேர்வுக்கு முந்தைய இரவில், இரண்டு மணிக்கு அவளுக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, எண்ணங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன. வேறொரு மாணவிக்கு இது தேர்வு பயமாகத் தொடங்கித் தேர்வு பயமாகவே முடிந்திருக்கும். இவளுக்கு அடுத்த நொடியே இன்னோர் எண்ணம் முளைக்கிறது: ‘அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது?’ அதற்குப் பிறகு தூக்கம் வருவதில்லை. தூக்கம் வராததே அந்த எண்ணத்துக்குச் சாட்சியாகவும் ஆகிவிடுகிறது.

மனநோய் உள்ள குடும்பத்தில் வளரும் பிள்ளைகளின் பதற்றம், வெளியிலிருந்து பார்த்தால் மற்றப் பிள்ளைகளின் பதற்றத்தைப் போலத்தான் இருக்கும். வயிற்றுவலி, தலைவலி, பள்ளிக்குப் போக மறுப்பது, திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு உறுதி தேடுவது, தூக்கக் குறைவு, சின்னச் சின்ன விஷயங்களுக்கு எரிந்து விழுவது எல்லாம் இரண்டு தரப்பிலும் உண்டு. உள்ளே மட்டும் ஓர் அடுக்கு கூடுதலாக இருக்கிறது. தன் உடலிலும் மனத்திலும் எழும் ஒவ்வோர் அசைவையும் நோயின் முதல் அறிகுறியாக இருக்குமோ என்று அந்தப் பிள்ளை கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. மனவிழிப்பு என்றும் முழுக்கவனம் என்றும் தமிழில் சொல்லப்படும் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை, பதற்றத்துக்கான மற்றச் சிகிச்சைகளுக்கு நடுவே இந்தப் பிள்ளைகளுக்காகத் தனியே கவனிக்கப்படுவதற்கு இந்தக் கூடுதல் அடுக்கே முதன்மையான காரணம் என்பது என் கருத்து. அந்தச் சிகிச்சையால் என்ன முடியும், என்ன முடியாது, இதுவரை என்ன நிறுவப்பட்டுள்ளது என்பவற்றைப் பிரித்துப் பார்ப்பது பெற்றோருக்கும் இளையோருக்கும் பயன்படும்.

முதலில் அபாயத்தின் அளவைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் குடும்பங்களில் அது பெரும்பாலும் பேசப்படாமலோ பெரிதாக்கப்பட்டோ இருக்கிறது. பொதுமக்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இருமுனைக் கோளாறு வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது. இது பல மடங்கு அதிகம்தான், ஆனாலும் அப்படிப்பட்ட பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அந்த நோய் வருவதில்லை என்பதும் அதே எண் சொல்லும் செய்திதான். மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்றாகவே இருக்கும் ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால்கூட மற்றவருக்கு வரும் வாய்ப்பு 40 முதல் 70 சதவீதம் என்ற அளவில்தான் நிற்கிறது. மரபணு தனியாக விதியை எழுதிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் கிடையாது.

அதற்காக அபாயத்தைச் சிறிதாக்கிக் காட்டுவதும் தவறு. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடும் மனச்சோர்வு ஆகிய மூன்றில் ஒன்று பெற்றோருக்கு இருக்கும்போது, பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வளர்ந்தவராகும் தொடக்க ஆண்டுகளுக்குள் இவற்றில் ஏதேனும் ஒன்று, பெற்றோருக்கு இருந்ததோ வேறொன்றோ, வருவதாக 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. கொஞ்சம் பதற்றம், கொஞ்சம் மனச்சோர்வு என்று ஒரு வீட்டிலேயே பல வடிவங்களில் நோய் தலைகாட்டுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்திருக்கிறார்கள். இவற்றில் பதற்றம்தான் வழக்கமாக முதலில் வருவது. இருமுனைக் கோளாறு உள்ளவர்களின் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில், குழந்தைப் பருவத்தில் பதற்றக் கோளாறு இருந்தவர்களுக்குப் பின்னாளில் மனநிலைக் கோளாறு வருவது, பதற்றம் இல்லாதவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டது. ஆகவே பதற்றத்துக்கு இங்கே இரண்டு முகங்கள் உண்டு. இன்றைக்கே பிள்ளையை வருத்துகிற, இன்றைக்கே சிகிச்சை தேவைப்படுகிற துன்பம் அது. சிலரிடத்தில் அது வரப்போவதன் முன்னோட்டமாகவும் இருக்கலாம். பெரும்பாலோரிடம் பதற்றம் பதற்றமாகவே நின்றுவிடுகிறது. எவரிடம் எது என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை எதுவும் இன்று கிடையாது.

மருந்தைக் குறித்த தயக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. சிறுவர்களின் பதற்றத்துக்கு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன என்பதை முதலில் சொல்ல வேண்டும். 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2008-இல் வெளியான பெரிய ஆய்வில், சிந்தனையையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் சி.பி.டி. எனப்படும் பேச்சுச் சிகிச்சையால் ஏறத்தாழ 60 சதவீதத்தினரும், செர்ட்ரலின் என்ற மருந்தால் 55 சதவீதத்தினரும், இரண்டும் சேர்ந்தபோது 81 சதவீதத்தினரும் நன்கு தேறினார்கள். மருந்துபோலத் தோன்றும் வெற்று மாத்திரை தரப்பட்டவர்களில் தேறியவர்கள் 24 சதவீதம்தான். எனவே பதற்றமுள்ள பிள்ளைக்கு முதலில் நினைக்க வேண்டியது சி.பி.டி.தான். அந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுக்க இன்றைய ஆதாரம் போதாது.

ஆனால் இந்த மருந்து வகை இருமுனைக் கோளாறு உள்ள குடும்பத்துப் பிள்ளைகளிடம் கூடுதல் கவனத்தைக் கோருகிறது. சிலருக்கு மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலேயே அமைதியின்மை, எரிச்சல், தூக்கமின்மை, கட்டுப்பாடில்லாத வேகம் ஆகியவை தலைகாட்டுகின்றன. அரிதாக, மனவெழுச்சி நிலையே தூண்டப்படுவதும் உண்டு. இளையோரிடம் தற்கொலை எண்ணம் அதிகரிக்கலாம் என்ற எச்சரிக்கையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004-இல் இந்த மருந்துகள்மீது ஏற்றியது. இதனால் மருந்து வேண்டாம் என்று ஆகிவிடாது. பதற்றம் கடுமையாக இருக்கும் பிள்ளைக்கு, குடும்ப வரலாறு தெரிந்த மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி அடிக்கடி பார்த்துக்கொண்டால், மருந்து பெரும் நன்மை செய்யும். ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் எவரும் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்துவது தனியாக ஒரு ஆபத்து. மருந்தில்லாத வழிகளை இந்தப் பிள்ளைகளுக்காக ஆய்வாளர்கள் தீவிரமாகத் தேடியதற்கான பின்னணி இதுவே.

தேடியபோது கையில் கிடைத்த கருவிக்கு ஒரு வரலாறு உண்டு. நாட்பட்ட வலியால் அவதிப்பட்டு, மருத்துவத்தால் மேலும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிடப்பட்டவர்களுக்காக, ஜான் கபாட்-ஜின் என்பவர் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979-இல் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பௌத்தத் தியான மரபிலிருந்து எடுத்த பயிற்சிகளைச் சமயச் சார்பு இல்லாமல் மருத்துவமனைக்குள் கொண்டுவந்தது அதன் புதுமை. 1990-களில் ஜின்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள், மனச்சோர்விலிருந்து மீண்டவர்களுக்கு அது திரும்பத் திரும்ப ஏன் வருகிறது என்ற கேள்வியோடு அந்தப் பயிற்சியை அணுகினார்கள். அவர்கள் கண்டது இதுதான்: பலமுறை மனச்சோர்வுக்கு ஆளானவருக்கு, சாதாரண வருத்தம் ஒன்று வந்தால் போதும், பழைய நோயின் சிந்தனைத் தடம் முழுவதும் விழித்துக்கொள்கிறது. வருத்தத்தைவிட, ‘ஐயோ, மறுபடியும் வந்துவிட்டது’ என்ற சுழல்தான் அவரைக் கீழே இழுக்கிறது. அந்தச் சுழல் தொடங்கும் இடத்திலேயே அதை அடையாளம் கண்டு, அதற்குள் இறங்காமல் நிற்கப் பழக்குவதே அவர்கள் உருவாக்கிய சிகிச்சை. 145 பேரைக் கொண்டு 2000-இல் வெளியான அவர்களின் ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்திருந்தவர்களிடையே, வழக்கமான கவனிப்பில் 66 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. இந்தப் பயிற்சி பெற்றவர்களில் அது 37 சதவீதமாக இருந்தது. இரண்டு முறை மட்டுமே வந்திருந்தவர்களுக்குப் பயன் தெரியவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

அந்தக் கடைசித் தகவல் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சிகிச்சை எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. எவரிடம் ‘மறுபடியும் வந்துவிட்டது’ என்ற சுழல் ஆழமாகப் பதிந்திருந்ததோ அவரிடமே வேலை செய்தது. நோயுள்ள வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சுழல், தனக்கு ஒருமுறைகூட நோய் வராமலேயே, தந்தையையோ தாயையோ பார்த்துப் பார்த்தே பதிந்திருக்கக்கூடும். இரண்டு மணிக்கு விழித்த மாணவியின் மனத்தில் ஓடியது அதே சுழல்தான், ஆனால் அதன் தொடக்கம் அவளுக்கே வந்த நோயில் இல்லை, தந்தையைப் பார்த்த நினைவில் இருக்கிறது.

சிறுவர்களுக்கு ஏற்றபடி இந்தச் சிகிச்சையை மாற்றி வடிவமைத்தவர்கள் ராண்டி செம்பிள், ஜெனிஃபர் லீ ஆகியோர். பெரியவர்களுக்கு எட்டு வாரம் என்பது சிறுவர்களுக்குப் பன்னிரண்டு வாரமாகிறது. பெரியவர்களை 40 நிமிடம் அசையாமல் உட்காரச் சொல்லலாம், பத்து வயதுப் பிள்ளையை முடியாது. ஆகவே சில நிமிடங்கள் மட்டும் நீளும் பயிற்சிகள் பல, அசைவோடு கூடியவை, வரைதல், எழுதுதல், கேட்டல், முகர்தல், தொடுதல் என்று ஒவ்வொரு புலனாக எடுத்துக்கொண்டு செல்கின்றன. குழு சிறியது. பெற்றோருக்கு என்ன கற்றுத்தரப்படுகிறது என்று விளக்கப்படுகிறது, வீட்டில் தாங்களும் சேர்ந்து செய்ய அவர்கள் அழைக்கப்படுகிறார்கள்.

அறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்ப்போம். முதல் வாரங்களில் பிள்ளையின் கையில் ஓர் உலர்திராட்சை வைக்கப்படுகிறது. அதை இதற்கு முன்பு பார்த்ததே இல்லை என்பதுபோல் பார்க்கச் சொல்கிறார்கள். சுருக்கங்களில் வெளிச்சம் எங்கே படுகிறது, விரலால் அழுத்தினால் எப்படி இருக்கிறது, காதருகே வைத்து உருட்டினால் ஓசை வருகிறதா, வாயில் போட்டதும் நாக்கு என்ன செய்கிறது. ‘எனக்குத் திராட்சை பிடிக்காது’ என்று ஒரு பிள்ளை சொன்னால் சிகிச்சையாளர் அதை மறுப்பதில்லை, திருத்துவதும் இல்லை. ‘பிடிக்காது என்பது திராட்சையில் இருக்கிறதா, உன்னிடம் இருக்கிறதா?’ என்று கேட்பார். விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்வியில்தான் சிகிச்சை முழுவதும் அடங்கியிருக்கிறது. சுருக்கம், பழுப்பு நிறம், இனிப்பு ஆகியவை பார்த்துச் சொன்னவை. பிடிக்காது, கெட்டது, ஆபத்து ஆகியவை மனம் மேலே ஒட்டிய சீட்டுகள். இந்த வேறுபாட்டைத் திராட்சையில் கற்ற பிள்ளை, சில வாரங்கள் கழித்து ஓசைகளில் கற்கிறது, பிறகு தன் உடலில் கற்கிறது. ‘நெஞ்சு வேகமாக அடிக்கிறது’ என்பது பார்த்துச் சொன்னது. ‘எனக்கு அப்பாவின் நோய் வருகிறது’ என்பது ஒட்டிய சீட்டு. எண்ணம் எண்ணமே, அது நடந்த செய்தி ஆகிவிடாது என்ற பாடத்தை வாயால் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடலாம். பயத்தின் நடுவில் அது நினைவுக்கு வருவதற்குத்தான் பன்னிரண்டு வாரங்கள் தேவைப்படுகின்றன.

பயிற்சியின் இன்னொரு கருவி மூன்று நிமிட மூச்சு இடைவெளி. முதலில், இப்போது என்ன எண்ணம், என்ன உணர்ச்சி, உடலில் எங்கே என்ன என்று பார்த்துப் பெயரிட வேண்டும். அடுத்து, கவனத்தை மூச்சு உள்ளே போவதிலும் வெளியே வருவதிலும் மட்டும் குவிக்க வேண்டும். கடைசியாக, மூச்சிலிருந்து உடல் முழுவதற்கும், அமர்ந்திருக்கும் இடத்துக்கும் கவனத்தை விரிக்க வேண்டும். இது பதற்றத்தைத் துரத்துவதற்கான உத்தி என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அப்படி எடுத்துக்கொண்டால், மூன்று நிமிடம் முடிந்தும் படபடப்பு அடங்காதபோது, ‘இதுகூட எனக்குப் பலிக்கவில்லை, என்னிடம் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது’ என்ற புதிய அச்சம் சேர்ந்துவிடும். நல்ல சிகிச்சையாளர் இதை முதல் நாளிலேயே சொல்லிவைப்பார். மனத்தை வெறுமையாக்குவதோ அமைதியை வரவழைப்பதோ இந்தப் பயிற்சியின் வேலை கிடையாது. படபடப்பு இருக்கும்போதே அதனோடு மூன்று நிமிடம் இருக்க முடிகிறது என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்வதுதான் வேலை. அமைதி பல நேரம் பின்னால் வரும், வராமலும் போகலாம்.

இருமுனைக் கோளாறு உள்ள பெற்றோரைக் கொண்ட, பதற்றக் கோளாறுக்கு ஆளான சிறுவர்களிடமே இதைச் செய்து பார்த்தவர்கள் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷான் காட்டன், ஜெஃப்ரி ஸ்ட்ரான், மெலிசா டெல்பெல்லோ ஆகியோரின் குழுவினர். 2016-இல் வெளியான அவர்களின் முன்னோட்ட ஆய்வுகளில் பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்குப் பிறகு, மருத்துவர்கள் மதிப்பிட்ட பதற்ற அளவு குறைந்தது, உணர்ச்சிகளைக் கையாளும் திறன் கூடியது. ஒன்பது பேரைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, ஒரு கவனப் பணியைச் செய்யும்போதே நடுநடுவே உணர்ச்சியைத் தூண்டும் படங்களைக் காட்டி மூளையின் செயல்பாட்டையும் அவர்கள் அளந்தார்கள்.

அந்தப் படங்களில் தெரிந்ததைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டும். அச்சத்தின் மையம் என்று பொதுவாகப் பேசப்படும் அமிக்டலா அடங்கிப்போனது என்பதுபோன்ற ஒரு முடிவைத்தான் பலரும் எதிர்பார்ப்பார்கள். அவர்கள் கண்டதோ, இன்சுலா, முன் சிங்குலேட் போன்ற பகுதிகளில் செயல்பாடு கூடியதைத்தான். இன்சுலா என்பது நெஞ்சுத்துடிப்பு, மூச்சு, வயிற்றின் இறுக்கம் போன்ற உள்ளுடல் செய்திகளை மூளை உணரும் இடம். முன் சிங்குலேட், எதைக் கவனிப்பது, எதை விடுவது என்ற தீர்மானத்தில் பங்கேற்கும் இடம். பதற்றம் குறைந்ததும் இந்தப் பகுதிகளில் நேர்ந்த மாற்றமும் ஒன்றோடொன்று தொடர்புபட்டிருந்தன. உடலை அளவுக்கு மீறிக் கண்காணித்து வதைபடுகிற பிள்ளைக்கு, உடலை இன்னும் கூர்மையாகக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தால் பதற்றம் கூடத்தானே வேண்டும் என்று கேட்கத் தோன்றும். இரண்டு கவனிப்புகளும் வேறு வேறானவை என்பதுதான் அதற்கு விடையாக இருக்க முடியும். பதற்றத்தின் கண்காணிப்பு உடலிலிருந்து ஒரு சிறு செய்தியைப் பெற்றதும் உடலை விட்டுவிட்டு எதிர்காலத்துக்கு ஓடிவிடுகிறது. ‘துடிக்கிறது’ என்பதிலிருந்து ‘மருத்துவமனை’ என்பதற்கு ஒரே தாவலில் போய்விடுகிறது. பயிற்சியின் கவனிப்பு அந்தச் செய்தியோடு உடலிலேயே தங்குகிறது. துடிப்பு ஏறுவதையும், ஓர் உச்சியைத் தொடுவதையும், இறங்குவதையும் முழுவதுமாகப் பார்க்கிறது. அச்சத்தின் இறங்குமுகத்தை ஒருமுறைகூட விழித்திருந்து பார்த்திராத பிள்ளை, அதைப் பார்க்கத் தொடங்குகிறது. ஒன்பது பேரின் மூளைப் படங்களை வைத்து இந்த விளக்கத்தை நிறுவிவிட முடியாது. ஆனாலும் சிகிச்சை அறையில் பிள்ளைகள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது என்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி எல்லைகளைப் பேச வேண்டும். மேற்சொன்ன ஆய்வுகளில் ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லை. பன்னிரண்டு வாரங்கள் கடந்தாலே பதற்றம் ஓரளவு தானாகத் தணியலாம், அன்பான ஒரு பெரியவர் வாரந்தோறும் காது கொடுத்துக் கேட்பதாலேயே தணியலாம், தன்னைப்போலவே நோயுள்ள வீட்டிலிருந்து வந்த வேறு பிள்ளைகளைக் குழுவில் சந்தித்ததால் தணியலாம். கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமே இல்லை. வீட்டின் மிகப் பெரிய ரகசியத்தைத் தன் வயதுள்ள இன்னொருவரும் சுமக்கிறார் என்று அறிவது, எந்தப் பயிற்சியும் இல்லாமலே ஒரு பிள்ளையின் பாரத்தைக் குறைக்கும். இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, பெரிய அளவில், ஒப்பீட்டுக் குழுவோடு நடக்கும் ஆய்வுகள் தேவை. வளர்ந்தவர்களிடம் அப்படிப்பட்ட ஆய்வு நடந்திருக்கிறது. பதற்றக் கோளாறு உள்ள 276 பெரியவர்களில் ஒரு பாதியினருக்கு எட்டு வார மனவிழிப்புப் பயிற்சியும் மறு பாதியினருக்கு எஸ்சிடலோப்ராம் மருந்தும் தரப்பட்டதில், பயிற்சி மருந்துக்குச் சளைக்கவில்லை என்று 2022-இல் முடிவு வெளியானது. அதை அப்படியே பதின்பருவத்தினருக்குப் பொருத்திவிட முடியாது.

பொருத்த முடியாது என்பதற்கு ஒரு பாடமும் கண்முன் இருக்கிறது. பிரிட்டனில் 84 பள்ளிகளில், 11 முதல் 13 வயது வரையிலான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம், ஆசிரியர்களைக் கொண்டு வகுப்பறையிலேயே மனவிழிப்புப் பயிற்சி தரும் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. மிரியட் என்ற பெயர்கொண்ட அந்த ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானபோது, மனச்சோர்வைக் குறைப்பதிலோ நல்வாழ்வைக் கூட்டுவதிலோ வழக்கமான பள்ளிப் பாடத்தைவிட அது மேலானதாக இல்லை. மனநலச் சிக்கலுக்கு அதிக வாய்ப்புள்ள மாணவர்களுக்கு அது பொருந்தாமல் போயிருக்கலாம் என்ற குறிப்பும் கிடைத்தது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. இந்த முடிவைக் கண்டு மனவிழிப்பே வீண் என்று முடிவுகட்டுபவர்களோடு நான் உடன்படவில்லை. முப்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில், கேட்காத பிள்ளைக்கும் சேர்த்துப் பொதுவாகச் சொல்லிக்கொடுப்பது ஒன்று. துன்பத்தோடு உதவி தேடி வந்த ஆறேழு பிள்ளைகளோடு, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் பன்னிரண்டு வாரம் உட்காருவது வேறொன்று. ஆனால் பெற்றோர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை தெளிவானது. அபாயமுள்ள பிள்ளையின் கையில் தியானச் செயலி ஒன்றைக் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு கண்மூடி உட்காரச் சொல்வது சிகிச்சை ஆகாது.

கண்மூடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் வன்முறையையோ தற்கொலை முயற்சியையோ கண்ட பிள்ளைக்குக் கண்மூடி உள்ளே பார்ப்பது அமைதியைத் தராது, பார்த்த காட்சிகளைத்தான் திரும்பக் கொண்டுவரும். அவர்களைக் கண்திறந்தபடியும், நடந்தபடியும், வெளியிலுள்ள ஓசையிலோ பாதம் தரையைத் தொடும் உணர்விலோ கவனத்தை வைத்தும் பழக்க வேண்டும். சில நிமிடங்களில் பிள்ளை திகைத்துப்போனாலோ, தன் உடலே தன்னுடையது இல்லை என்பதுபோல் உணர்ந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிடத் தெரிந்தவரே சிகிச்சையாளராக இருக்க வேண்டும். தூக்கம் குறைந்தும் களைப்பே இல்லாத நிலை, வழக்கத்துக்கு மாறான உற்சாகமோ பேச்சு வேகமோ நாட்கணக்கில் நீடிப்பது, இல்லாத குரல் கேட்பது, வாழ விருப்பமில்லை என்ற பேச்சு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மனவிழிப்புப் பயிற்சி அந்த நேரத்துக்கு உரியது ஆகாது. உடனே மனநல மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முதன்மையான கேள்வி இன்னும் இருக்கிறது: பதற்றத்தைக் குறைத்தால் பின்னாளில் வரக்கூடிய பெரிய நோயைத் தடுக்க முடியுமா? மனவிழிப்புச் சிகிச்சையால் இருமுனைக் கோளாறு தடுக்கப்பட்டது என்று எந்த ஆய்வும் காட்டவில்லை, அப்படி வாக்குறுதி தருபவரை நம்பக் கூடாது. இந்த நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் தொடங்குவதால், இன்று பத்து வயதில் சிகிச்சை பெறும் பிள்ளைகளைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தால் ஒழிய விடை கிடைக்காது. அதற்கு மிக நெருக்கமான ஆதாரம் வேறொரு சிகிச்சையிலிருந்து வருகிறது. இருமுனைக் கோளாறுள்ள உறவினரைக் கொண்ட, ஏற்கெனவே மனநிலை அறிகுறிகள் உள்ள 9 முதல் 17 வயதுடைய 127 பேரிடம், டேவிட் மிக்லோவிட்ஸ் குழுவினர் குடும்பம் முழுவதையும் உட்காரவைத்து நடத்தும் சிகிச்சையைச் செய்து பார்த்தார்கள். 2020-இல் வெளியான முடிவின்படி, அந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, மீண்ட பிறகு அடுத்த மனநிலைப் பாதிப்பு வருவதற்கு எடுத்துக்கொண்ட காலம், சுருக்கமான வேறொரு சிகிச்சை பெற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. நடுமதிப்புக் கணக்கில் 63 வாரத்துக்கு எதிராக 81 வாரம். பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஒரு பிள்ளைக்குப் பதினெட்டு வாரம் நலமாக இருப்பது ஏறத்தாழ ஒரு பருவம் முழுவதும் தவறாமல் படிப்பதற்குச் சமம். இருமுனைக் கோளாறாக மாறுவதை அந்தச் சிகிச்சையும் தடுத்ததாகத் தெரியவில்லை.

குடும்பத்தையும் சேர்த்துக்கொண்ட சிகிச்சை பலன் தந்தது என்பதில் மனவிழிப்புச் சிகிச்சைக்கும் ஒரு செய்தி இருக்கிறது. பிள்ளை தன்னைக் கண்காணிப்பதைவிடத் தீவிரமாகப் பெற்றோர் பிள்ளையைக் கண்காணிக்கும் வீடுகள் உண்டு. கொஞ்சம் உரக்கச் சிரித்தால் ‘என்ன, ஒரு மாதிரி இருக்கிறாய்?’ என்று தாய் கேட்கிறார். இரவு பத்தரை மணிக்கு அறையில் விளக்கு எரிந்தால் தந்தை கதவைத் தட்டுகிறார். தன் நோயைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோமோ என்ற குற்ற உணர்வு அந்தத் தட்டலுக்குள் இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பன்னிரண்டு வாரம் ‘ஒட்டிய சீட்டை’ உரிக்கக் கற்ற பிள்ளைமேல் வீடு மறுபடியும் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் கற்றது நிலைக்காது. பெற்றோரும் அந்த மூன்று நிமிடப் பயிற்சியைத் தங்களுக்காகக் கற்றுக்கொள்ளும் வீட்டில், கதவைத் தட்டும் முன் ஒரு மூச்சு எடுத்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. உறங்கும் நேரமும் எழும் நேரமும் வீட்டில் எல்லோருக்கும் ஓரளவு ஒழுங்காக இருப்பது, ஒரு பிள்ளைமேல் மட்டும் விதியாகச் சுமத்தப்படாமல் இருக்கும்போது, இதைவிட எளிய பாதுகாப்பு.

சிகிச்சைக்குப் போகும்போது குடும்ப வரலாற்றை முதல் சந்திப்பிலேயே முழுவதும் சொல்லிவிட வேண்டும். வெட்கத்தால் அதை மறைத்துவிட்டு, பிள்ளைக்கு வெறும் தேர்வு பயம் என்று மட்டும் சொன்னால், மருந்தைத் தேர்வதிலும் பின்தொடர்வதிலும் மருத்துவர் தவறான முடிவு எடுக்க நேரும். யாருக்கு நோய், எந்த வயதில் தொடங்கியது, எத்தனை முறை மருத்துவமனையில் இருந்தார், எந்த மருந்து அவருக்குக் கேட்டது என்பவையெல்லாம் பயன்படும் தகவல்கள். லித்தியம் என்ற மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் தன்மை குடும்பங்களில் தொடர்வது தெரிந்த செய்தி என்பதால், கடைசிக் கேள்விக்கான பதில் பத்தாண்டுகள் கழித்துக்கூட உதவலாம். இவற்றைப் பெற்றோர் சொல்லி முடித்ததும், சிகிச்சையாளர் பிள்ளையைத் தனியாகச் சந்திக்கும் நேரம் ஒன்று இருக்க வேண்டும். தந்தை தூங்காமல் நடந்த அந்த இரவுகளில் தான் எந்த அறையில் இருந்தோம், என்ன கேட்டோம், அன்றிலிருந்து எதை நினைத்துப் பயப்படுகிறோம் என்பதை எந்தப் பிள்ளையும் தந்தை அருகில் அமர்ந்திருக்கும்போது சொல்லிவிடாது.